கண்ணாடியின் ஓரத்து மேடு

இன்று ஆய்வகம் முழுக்க அசிட்டோன் வாடை. உன் கண்ணாடித் தகட்டின் முதுகில் நீ பூசியிருந்த கறுப்புப் பெயின்ட்டைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடமாக யாரும் திறக்காத பெட்டி. மூடியில் உன் கையெழுத்து: தொடாதே.

திருப்பதிக்கு இருவரும் ஒரே வருடம் ஆராய்ச்சிக்கு வந்தோம். நீ பாலசமுத்திரத்திலிருந்து, நான் சித்தூரிலிருந்து. ஒளியைக் கொண்டு கண்ணாடியின் மேற்பரப்பை அளக்க வேண்டும். ஒளியோ மேலே நிற்காமல் உள்ளே போய்விடும். வெள்ளைப் பொடி தூவி அளக்கலாமே என்றேன். நீ சிரித்தாய்.

"அப்பறம் பவுடரைத்தான் அளந்துகினு இருப்ப."

உன் வழி வேறு. திரையில் கோடுகள். கண்ணாடியில் அவற்றின் பிம்பம். பரப்பு வளையும் இடத்தில் கோடும் வளையும். பின்பக்கமும் ஒரு பிம்பம் தந்து குழப்பும் என்பதால் அங்கே கறுப்பு.

ஒரு நாள் மதியம் தகட்டின் ஓரத்தில் ஒரு மேடு தெரிந்தது. தலைமுடியைவிட மிக மெலிது. கண்ணாடியிலேயே இருக்கிறது என்றாய். நம் கைடு சார் பார்த்துவிட்டு, விரல் பட்ட எண்ணெயாக இருக்கும் என்றார். நீ என் பக்கம் திரும்பினாய்.

"வடை துன்ன கையோட எடுத்தியாடி?"

"இல்லடி."

எடுத்திருந்தேன்.

மறுநாள் துடைத்துவிட்டு மறுபடி அளப்பதாக இருந்தது. மறுநாள் உனக்குக் காய்ச்சல். அந்த வாரமே அது உன்னைக் கொண்டுபோய்விட்டது. சுவரில் ஒட்டியிருந்த உன் அளவுத் தாளில் சார் பென்சிலால் எழுதிய 'விரல் கறை?' அப்படியே நின்றது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் என் விரல்களை மடக்கிக்கொள்வேன்.

இன்று தகட்டின் இரு பக்கமும் கழுவினேன். முதுகில் புதுக் கறுப்பு. காயும்வரை வெளியே போய் நின்றேன். பிறகு கோடுகளை ஓடவிட்டேன்.

ஓரத்தில் அதே மேடு.

நம்ப முடியவில்லை. கருவியின் கோளாறாகவும் இருக்கலாம். தகட்டை அரைவட்டம் திருப்பி வைத்தேன். மேடும் கூடவே திரும்பி எதிர்ப்பக்கம் போய் நின்றது.

சாரைக் கூப்பிட்டேன். வெகுநேரம் பார்த்தார். "உந்தி கதா" என்றார் தெலுங்கில். இருக்கிறதே. பிறகு என்னிடம் ரப்பர் கேட்டார். அவர் அந்தப் பென்சில் எழுத்தை அழித்துக்கொண்டிருக்கும்போது வடையைப் பற்றிச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார்.

உன் அளவு சரி. நான் சொன்ன பொய் பொய்தான். அது என்னோடு இருக்கட்டும். டீ கிளாஸைக்கூடக் கறை படாமல் விளிம்பில் பிடிக்கும் பழக்கமும் போகாது.

இன்று கான்டீனில் வடை சாப்பிட்டேன், இரண்டு வருடத்துக்குப் பிறகு. கையைக் கழுவிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.