இரண்டு விரல் குழி

நவம்பர் 4, 2014, செவ்வாய்

என் பெயர் ஜிலாலி. வயது எழுபத்தொன்று. இதை நானே எழுதினேன். மூன்று முறை வாசித்துப் பார்த்தேன் – ஜிலாலி என்றுதான் இருக்கிறது!

நவம்பர் 6

விடுமுறை. முதியோர் எழுத்து வகுப்பு இல்லை. யாரும் கதவைத் தட்டவில்லை. இரண்டு முறை தேநீர் போட்டேன்.

நவம்பர் 11

எழுத்து அரபியில் பெயர்ச்சொல்லுக்கு வால் உண்டாம். செய்தவனுக்கு ‘உ’, செய்யப்பட்டதற்கு ‘அ’, உடையவனுக்கு ‘இ’. பேசும்போது நாங்கள் அந்த வாலை விழுங்கிவிடுகிறோம். ஆசிரியை இல்ஹாம் என்னைப் பலகைக்கு அழைத்தாள். ‘ஜிலாலி ரொட்டியைத் தின்றான்’ என்று எழுதப்போய் வால்களை மாற்றிப் போட்டேன்.

முன்வரிசையிலிருந்து ஷாமா, “அதான் இப்பிடி மெலிஞ்சிருக்கீங்களா ஹாஜி? ரொட்டி உங்களத் தின்னுடுச்சா!” என்றாள். அவளும் என்னைப்போல் துணையை இழந்தவள். வகுப்பே சிரித்தது. நானும் சத்தமாகச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மறுபடி சிரித்துப் பார்த்தேன். தனியாக வரவில்லை.

வகுப்பு முடிந்து வாசலில் ஷாமா கேட்டிருந்தாள்: “மத்தியானம் சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?”

“மக அனுப்பிடுவா.”

ஏன் அப்படிச் சொன்னேன்? மகள் இருப்பது பிரான்சில். நான்கு வருடமாகக் கடை ரொட்டி. அதையும் நின்றுகொண்டே தின்கிறேன். உட்கார்ந்தால் எதிரில் இடம் காலியாகத் தெரியும். முட்டாள் கிழவா, வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் என்ன?

நவம்பர் 13

ஷாமா சலாம் மட்டும் சொன்னாள். வேறொன்றும் கேட்கவில்லை.

நவம்பர் 25

புரிந்துவிட்டது! வகுப்பில் எழுந்தே நின்றுவிட்டேன். “டீச்சர், மாவு ஒண்ணுதான். மேல போட்ட குறிதான் அது எந்த வீட்டு ரொட்டின்னு சொல்லும். வாலும் அப்பிடித்தானே?”

நாற்பத்தோரு வருடம் தெரு அடுப்பில் ரொட்டி சுட்டேன். வீட்டில் தட்டிய மாவை அடுக்கி அறுபது வீட்டுப் பலகைகள் வரும். ஒரு வீட்டுக்குச் சாவி அழுத்திய தடம், ஒரு வீட்டுக்குத் தையல் விரலுறைப் புள்ளி, ஷாமா வீட்டுக்கு முள்கரண்டிக் கோடு. எழுத்துத் தெரியாத நான் ஒரு ரொட்டியைக்கூட வீடு மாற்றிக் கொடுத்ததில்லை.

“உங்க வீட்டுக் குறி என்ன ஹாஜி?” ஷாமாதான் கேட்டாள்.

“ரெண்டு விரல் குழி. எங்க வீட்டுக்காரி தாமு போடுவா. அவ போனதுலேர்ந்து நாலு வருஷமா எங்க வீட்டுப் பலகை அடுப்புக்கே போகல. கடை ரொட்டிதான்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது – அன்று சொன்ன பொய் உடைந்துவிட்டது. ஷாமா குனிந்து தன் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 27, வியாழன்

அடுப்பைக் கடக்கும்போது, இப்போது அங்கே ரொட்டி சுடும் ஹம்மாதி கத்தினான்: “ஹாஜி, உங்க பலகைய எடுங்க! இடத்த அடைச்சிக்கிட்டு கெடக்கு.”

“எனக்கு ஏதுப்பா பலகை?”

“ஷாமா வச்சிட்டுப் போனா. நீங்கதான் தூக்கிட்டு வரணுமாம்.”

துணியை விலக்கினேன். ஐந்து ரொட்டிகள். நான்கில் முள்கரண்டிக் கோடு. ஓரத்து ரொட்டியில் இரண்டு விரல் குழி.

பலகையைத் தூக்கிக்கொண்டு ஷாமா வீட்டுக்குப் போனேன். அவள் மகனும் மருமகளும் விரிப்பில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பருப்புக் கிண்ணம். ஷாமா நிமிராமலே சொன்னாள்: “வாசல்லயே நின்னா ஆறிப்போயிடும். உக்காருங்க.”

உட்கார்ந்தேன்.

இப்போது வீட்டுக்கு வந்து மெதுவாக எழுதுகிறேன்: நாங்கள் ரொட்டியைத் தின்றோம். வால்களைச் சரிபார்த்துவிட்டேன்.