கழுத்து திரும்பாத மார்ச்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் எழுந்தபோது கழுத்து இடது பக்கம் திரும்பவில்லை. வலது பக்கம் திரும்பியது. ஒரு பக்கம் போதும் என்று நினைத்துக் கிளம்பிவிட்டேன். வண்டியைப் பின்னால் எடுக்கும்போதுதான் இடது பக்கமும் உலகம் இருக்கிறது என்று தெரிந்தது. அலமாரியை நகர்த்துவது போல முழு உடம்பையும் திருப்பிப் பார்த்தேன்.

கடையில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் இடது பக்கமாக வந்து நின்று கதவுக் கீல் விலை கேட்டார். சொன்னேன். குறைக்கச் சொன்னார். திரும்ப முடியாததால் எதிரே இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சரி சரி, கோவிச்சுக்காதீங்க. அதே விலைக்குப் போடுங்க" என்றார்.

கழுத்து வலியால் வந்த முதல் லாபம்.

மார்ச் 6, வியாழன்

மகள் இன்று என் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சரக்கு விற்க வரும் கம்பெனிக்காரர்கள் உட்காருகிற நாற்காலி அது. படிப்பு முடிந்த நாளிலிருந்து கடையில்தான் இருக்கிறாள், அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"அப்பா, கொள்முதலை என்கிட்ட விடுங்க. எதை வாங்கறது, யார்கிட்ட வாங்கறது, என்ன விலைக்கு, எல்லாம் நான் பாக்கறேன். நீங்க கூட இருங்க, குறுக்க வராதீங்க. முடியாதுன்னா கண்ணாடிக் கம்பெனிக்காரர் வேலைக்குக் கூப்பிடறாரு. மாசக் கடைசிக்குள்ள அவருக்குப் பதில் சொல்லணும்."

கண்ணாடிக் கம்பெனிக்காரர் நமக்குக் கண்ணாடிக் கதவுச் சாமான் தருகிறவர். என் கடையில் டீ குடித்துவிட்டு என் பெண்ணையே கேட்டிருக்கிறார்.

நான் பதில் சொல்லவில்லை. இது தொழில் பழக்கம். எதிராளி விலை சொன்ன பிறகு வாய் திறக்கக் கூடாது, முகம் அசையக் கூடாது, முடிந்தால் மூச்சும் விடக் கூடாது. அமைதியைத் தாங்க முடியாதவன் தானாகவே இறங்கி வருவான். பையில் பூட்டைச் சுமந்துகொண்டு தெருத் தெருவாக விற்ற காலத்தில் கற்றுக்கொண்டது. பூட்டு, கீல், தாழ்ப்பாள், கைப்பிடி என்று இந்தக் கடை நிற்பதே அதனால்தான்.

சிக்கல் என்னவென்றால், அவளுக்கும் அதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவளும் வாய் திறக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பூட்டு வாங்க வந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்து, அப்புறம் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

மார்ச் 7, வெள்ளி

இடது கையில் கடைசி இரண்டு விரல் மரத்துப்போகிறது. தூக்கம் சரியில்லை. மகள் பேசவில்லை. நானும்தான்.

மார்ச் 11, செவ்வாய்

டாக்டரிடம் போனோம். கழுத்தை ஸ்கேன் படம் எடுத்துப் பார்த்தார். நரம்பு நசுங்கவில்லையாம், பயப்பட ஒன்றுமில்லையாம். கழுத்து, தோள் சதையெல்லாம் கல்லாக இறுகிக் கிடக்கிறதாம்.

"டென்ஷன் ஏதாவது உண்டா?"

"கிடையாது" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரி சிரித்தாள். டாக்டர் நான் சொன்னதை விட்டுவிட்டு அவள் சிரித்ததை எழுதிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

மாத்திரை, உடற்பயிற்சி. மச்சானுக்கு முதுகு சரி செய்த ஒரு கைரோபிராக்டர் அம்மா இருக்கிறார், போகலாமா என்று வீட்டுக்காரி கேட்டாள். போகலாம், ஆனால் முதலில் இந்தப் படத்தை அவரிடம் காட்டுங்கள் என்றார் டாக்டர். மச்சான் அந்த அம்மாவுக்கு வைத்திருக்கும் பெயர் நெட்டிக்காரம்மா. எலும்பை நெட்டி முறிப்பார் என்பதால். நெட்டி முறிக்கப் பணமா? எனக்கு முடிவெட்டுகிறவர் சும்மாவே முறித்துவிடுகிறார்.

மார்ச் 14, வெள்ளி

நெட்டிக்காரம்மாவிடம் போனேன். மாடியில் ஒரு அறை. முகம் வைக்க ஓட்டை போட்ட நீளக் கட்டில், சுவரில் முதுகெலும்புப் படம், மூலையில் ஒரு நிஜ அளவு எலும்புக்கூடு. அதற்குத் தொப்பி மாட்டியிருந்தார். வருகிறவர்கள் பயப்படாமல் இருக்கவாம். தொப்பி போட்ட எலும்புக்கூடுதான் எனக்குக் கூடுதல் பயமாக இருந்தது.

உட்கார்ந்ததும் முதல் வேலையாக, மொத்தமாக வந்தால் கட்டணத்தில் என்ன குறைப்பீர்கள் என்று கேட்டேன். கேட்டுவிட்டு வழக்கம் போல வாயை மூடிக்கொண்டேன். அவரும் மூடிக்கொண்டார். மின்விசிறி சுற்றியது. கடைசியில் நானே "சரி, இருக்கட்டும்" என்றேன். அந்த வார்த்தையை நான் சொல்லிப் பல வருடம் ஆகிறது.

படத்தைப் பார்த்தார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். முடிவெட்டுகிறவர் விஷயத்தைச் சொன்னேன். முகம் மாறியது. "இனிமே அவரைக் கழுத்துப் பக்கம் விடாதீங்க. முடி மட்டும் வெட்டட்டும்." குப்புறப் படுக்கவைத்து முதுகில் அழுத்தினார். சடசடவென்று சத்தம்.

"என்னம்மா உடைஞ்சது?"

"ஒண்ணும் உடையலை. மூட்டுக்குள்ள காத்து."

காற்றுக்குத்தான் இவ்வளவு கட்டணம்.

நடுவில் கேட்டார், "கடையில யார் யார் இருக்காங்க?" நான் பதில் யோசிப்பதற்குள், "மூச்சை விடுங்க" என்றார்.

"விட்டுட்டுத்தான் இருக்கேன்."

"இல்லை. நான் கேள்வி கேட்டா நிறுத்திடறீங்க. தோள் ரெண்டும் காதுகிட்ட போயிடுது. மூணு தரம் பாத்துட்டேன்."

பிறகு விளக்கினார். நரம்பு மண்டலத்துக்குள் இரண்டு ஆள் இருக்கிற மாதிரி வைத்துக்கொள்ள வேண்டுமாம். ஒருவர் ஓடு, சண்டை போடு என்று கிளப்பிவிடுகிறவர். இன்னொருவர் சாப்பிடு, தூங்கு என்று அமர்த்துகிறவர். "உங்களுக்கு ரெண்டாவது ஆள் லீவுல இருக்காரு. நான் எவ்வளவு தளர்த்திவிட்டாலும், நீங்க வீட்டுக்குப் போய் மறுபடி பூட்டிக்குவீங்க."

பூட்டுக் கடைக்காரன் என்று தெரிந்து சொன்னாரா, எல்லாரிடமும் இதையே சொல்வாரா, தெரியவில்லை. தச்சர் போனால் வேறு ஏதாவது சொல்வார்.

வீட்டுப் பாடம்: மூச்சை உள்ளே இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக வெளியே விட வேண்டும். கடையில் உட்கார்ந்திருக்கும்போதே செய்யலாம்.

மார்ச் 18, செவ்வாய்

செய்தேன். கீல் கம்பெனி ஆள் விலை சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், சொல்லிக்கொடுத்தபடி நீளமாக ஒரு மூச்சு விட்டேன். நான் மனம் உடைந்துபோனதாக நினைத்து அவரே விலையைக் குறைத்தார். இன்னொரு மூச்சு விட்டேன். வண்டி வாடகையையும் தானே ஏற்றுக்கொண்டார்.

நல்ல வைத்தியம்.

மார்ச் 21, வெள்ளி

நெட்டிக்காரம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "மூச்சு பேரம் பேசறதுக்கு இல்லீங்க" என்றார். அழுத்தும்போது இன்று கொஞ்சம் கூடுதலாக அழுத்தினார் என்று தோன்றியது.

விரல் அப்படியேதான் இருக்கிறது.

மார்ச் 22, சனி

வீட்டுக்காரி கேட்டாள், "அவளுக்கு என்ன பதில் சொல்லப்போறீங்க?" நான் பேசாமல் இருந்தேன். சாப்பாடு போடவா என்றாள். அதற்கும் பேசவில்லை என்று அவள் சொல்கிறாள். எனக்கு நினைவில்லை.

தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள், "என்னங்க, இந்த வீட்டுல நான் எதையும் விக்க வரலை. கேட்டா பதில் சொல்லலாம், ஒண்ணும் நட்டமாயிடாது."

பசிக்கிறது என்றேன். போட்டாள்.

மார்ச் 25, செவ்வாய்

மகள் சும்மா மிரட்டுகிறாள் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். சரி, சந்தை நிலவரம் தெரிந்துகொள்வோம் என்று, சரக்கு பற்றிப் பேசுகிற மாதிரி கண்ணாடிக் கம்பெனிக்காரருக்குப் போன் செய்தேன். இரண்டு வார்த்தை பேசிவிட்டு அமைதியாக இருந்தேன். அந்த மனுஷனுக்கு அமைதி ஒத்துக்கொள்ளாது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"உங்க பொண்ணு அப்படியே நீங்கதாண்ணே. சம்பளம் இவ்வளவுன்னு சொன்னேன். உக்காந்துட்டே இருக்கு, பேசவே இல்லை. நானே ஏத்திட்டேன். மறுபடியும் பேசலை. கார் தரேன்னு சொல்லிட்டேன். அப்புறம் அது என்ன சொல்லுச்சு தெரியுமா? எங்கப்பா சரின்னு சொல்லிட்டா இது எதுவும் வேணாம்னுச்சு. நீங்க இன்னும் சொல்லலையாமே."

போனை வைத்தேன்.

பெருமைப்படுவதா, வயிற்றெரிச்சல் படுவதா? இரண்டும் பட்டேன். அவளுக்கு மிரட்டத் தெரியவில்லை. அதுதான் விஷயம். உள்ளதைச் சொல்லியிருக்கிறாள், நான் அதை விலை என்று எடுத்துக்கொண்டேன். இத்தனை வருஷ வியாபாரத்தில் யார் நிஜமாகவே எழுந்து போகப்போகிறான், யார் போகிற மாதிரி நடிக்கிறான் என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவன் நான். பெத்த பெண்ணிடம் தப்பிவிட்டது.

சரி, சொல்லிவிட வேண்டியதுதானே? என்ன தடுக்கிறது? வாய்க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. கொள்முதலைக் கொடுத்துவிட்டு நான் கடையில் என்ன செய்வது — பூட்டுக்குச் சாவி போட்டுப் பார்ப்பதா?

கழுத்து இன்று வலது பக்கமும் திரும்பவில்லை.

மார்ச் 28, வெள்ளி

நெட்டிக்காரம்மா இன்று முறிக்கவே இல்லை. மல்லாக்கப் படுக்கச் சொன்னார். தலைக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து ஏந்திக்கொண்டு, "தலையோட கனத்தை என் கையில விடுங்க" என்றார்.

"விட்டாச்சு."

"விடலை."

"விட்டுட்டேம்மா."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

கையை மெதுவாக எடுத்துவிட்டார். தலை அப்படியே நின்றது. அடியில் ஒன்றுமில்லை, காற்றில் நின்றது. நானே பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே தெரியவில்லை. மூலையில் இருந்த தொப்பிக்காரரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"நிறையப் பேருக்கு. ஆனா உங்களை மாதிரி இவ்வளவு நேரம் யாரும் தலையை நிறுத்தினதில்லை."

இதிலும் நான்தான் முதல்.

மறுபடி ஏந்தினார். இந்த முறை ரொம்ப நேரம் எடுத்தது. ஒரு கட்டத்தில் தலை கனமாகிக் கீழே இறங்கியது. இறங்குகிறதே, விழுந்துவிடுமே என்று பதறி மறுபடி தூக்கிவிட்டேன். "விழாது, நான் இருக்கேன்ல" என்றார். மெதுவாக இறக்கினேன். தலை இவ்வளவு கனம் என்று தெரியாது. இதையா இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்தேன்?



மார்ச் 31, திங்கள்

காலையில் கடையைத் திறந்ததும், விற்க வருகிறவர்கள் உட்காருகிற அந்த நாற்காலியில் நான் போய் உட்கார்ந்தேன். மகள் நின்றுகொண்டிருந்தாள். கையில் போன். கண்ணாடிக் கம்பெனிக்காரருக்குப் பதில் சொல்ல இன்றுதான் கடைசி நாள்.

"கொள்முதல் நீயே பாரும்மா" என்றேன்.

அவள் பேசவில்லை.

"நெசமாத்தான் சொல்றேன்."

பேசவில்லை.

"செக்குல கையெழுத்தும் நீயே போடு. பேங்குக்கு எழுதிக் கொடுத்துடறேன்."

பேசவில்லை. முகம் அசையவில்லை. மாடியில் இருக்கிற குடோனையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று வாய் திறந்தபோதுதான், என்ன நடக்கிறது என்று புரிந்தது.

"போதும்மா. இதுக்கு மேல என்கிட்ட ஒண்ணுமில்லை."

"நான் பேரம் பேசலைப்பா" என்றாள். "பேச்சு வரலை. அவ்வளவுதான்."

முகத்தைத் திருப்பிக்கொண்டு கீல் பெட்டிகளை அடுக்கினாள். ஏற்கெனவே அடுக்கியிருந்தவை. கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள், "விக்க வரவங்க வரும்போது நீங்க அந்த மேசையில இருக்கக் கூடாது. நீங்க இருந்தா அவங்க உங்க முகத்தைத்தான் பாப்பாங்க."

அது எனக்குச் சுருக்கென்றது. நியாயம்தான். சரி என்றேன். உடனே சொன்னேன்.

கண்ணாடிக் கம்பெனிக்காரருக்கு அவளே போன் செய்து, வரவில்லை என்று சொன்னாள். அப்படியே கண்ணாடிக் கதவுச் சாமானுக்கு விலையையும் அவரைக் குறைக்கவைத்துவிட்டாள்.

ஏப்ரல் 9, புதன்

கறுப்புக் கீல் வாங்கியிருக்கிறாள். பெட்டி பெட்டியாக. கறுப்புக் கீலை எவன் வாங்குவான்? துரு பிடித்தது என்று திருப்பிக் கொண்டுவருவார்கள். விற்க வந்த ஆளுடன் அவள் பேசிக்கொண்டிருந்தபோது நான் வெளியே போய்த் தெரு முனை வரை நடந்தேன். திரும்பி வந்தேன். இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். மறுபடி நடந்தேன். தெருவில் ஒரு கடைக்காரர் வண்டி தொலைந்துவிட்டதா என்று கேட்டார்.

நெட்டிக்காரம்மா நடக்கச் சொல்லியிருக்கிறார். அதனால் இது வைத்தியக் கணக்கில் சேரும்.

ஏப்ரல் 17, வியாழன்

கறுப்புக் கீல் தீர்ந்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பெண்.

ஏப்ரல் 25, வெள்ளி

விரல் மரப்பு விட்டுவிட்டது. கழுத்து முக்கால்வாசி திரும்புகிறது. இனிமேல் மாதம் ஒரு முறை வந்தால் போதும், பயிற்சியை மட்டும் விடாதீர்கள் என்றார் நெட்டிக்காரம்மா. தானாக ஒரு வாடிக்கையாளரைக் குறைத்துக்கொள்கிறவரை இன்றுதான் பார்க்கிறேன். தொழில் தெரியாதவர். இல்லை, ரொம்பத் தெரிந்தவர்.

மே 6, செவ்வாய்

இன்று சரக்கு விற்க மூன்று கம்பெனி ஆட்கள் வருவதாக இருந்தது. மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். சாப்பிட்டுவிட்டு, சும்மா கொஞ்சம் உட்காருவோம் என்று ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கண் விழித்தபோது மூக்குக்குக் கீழே ஒரு விரல் இருந்தது. வீட்டுக்காரி குனிந்து நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

"மூச்சு வருதான்னு பாத்தேன். பகல்ல நீங்க தூங்கி நான் பாத்ததே இல்லை."

"வருதா?"

"வருது" என்றாள். விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

மணி என்ன, ஆட்கள் வந்தார்களா, என்ன விலைக்கு முடிந்தது என்று கேட்க வாயெடுத்தேன். தலையை நாற்காலியில் வைத்தேன். அது அங்கேயே இருந்தது. மறுபடி தூங்கிவிட்டேன்.