குறைத்துச் சொன்ன வலி

அன்புள்ள மகனுக்கு,

என் வலது முழங்கையில் தசைநார் பாதி கிழிந்துவிட்டது. நீயும் மருமகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே அப்பா சுகம், கடை சுகம், அந்த வரிசையில் என்னையும் சேர்த்து எழுதத்தான் கை போனது, இந்தத் தடவை நிறுத்திக்கொண்டேன். போனில் நீ "எப்படிம்மா இருக்கே" என்று கேட்டதுமே என் வாய் தானாக "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று சொல்லிவிடுகிறது, அதனால்தான் கடிதம். எழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே, நாலு வரிக்கு ஒரு தடவை கையை மடியில் போட்டு ஆற வைத்து எழுதுகிறேன்.

பள்ளிச் சீருடைக்குத் துணி வெட்டும் மாதம் எப்படி என்று உனக்குத் தெரியும், காலையில் பிடித்த கத்தரியைச் சாப்பிடத்தான் கீழே வைப்பேன். அழுத்தி வெட்டும்போதெல்லாம் முழங்கையின் வெளிப்பக்கம் சுரீர் என்று பிடித்து மணிக்கட்டு வரை இறங்கும். அப்பா நச்சரித்து, முனை மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் பிசியோதெரபிஸ்டிடம் கூட்டிப்போனார். சின்னப் பொண்ணு. என் முன்கையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போய் ஒரு இடத்தில் நிறுத்தி, "இங்கே முடிச்சு விழுந்திருக்கும்மா, இதுதான் நாரைப் போட்டு இழுக்குது" என்றாள். ட்ரை நீட்லிங் என்று ஒன்று, மருந்தே இல்லாத ஊசி, மயிரிழை போல இருக்கிறது, அதை அந்த முடிச்சுக்குள்ளேயே இறக்குகிறாள். மருந்தில்லாத ஊசியா, காலிப் பெட்டியைக்கூட விற்றுவிடுகிற என்னையும் மிஞ்சிட்டியே என்றேன், சிரித்தாள். உள்ளே போனதும் தசை கரையில் போட்ட மீன் மாதிரி ஒரு துள்ளு துள்ளியது. அன்று முழுக்க அடித்துப் போட்டது போல் வலி, மறுநாள் கை லேசாகிவிட்டது. ஊசி முடிச்சைத்தான் தளர்த்தும், நார் ஆறுவதற்கு வேலையைக் குறைக்கணும், பயிற்சியும் செய்யணும் என்று அவள் அப்போதே சொன்னாள்.

தப்பு ஊசியில் இல்லை, என் வாயில். ஒவ்வொரு தடவையும் "வலியே இல்லேன்னா சைபர், தாங்க முடியலேன்னா பத்து, இப்ப எவ்வளவும்மா" என்று கேட்பாள். கண்ணா, யார் எவ்வளவு என்று கேட்டாலும் உள்ளதை முதலில் சொல்லி இந்தத் துணிக்கடைக்காரிக்குப் பழக்கமே இல்லை. எட்டு வலித்தது, இரண்டு என்றேன். எட்டென்றால் வெட்டும் மேசையை விட்டு எழுந்திரு என்பாள் என்று கணக்குப் போட்டேன். அவளும் நம்பி, அளவாக வெட்டலாம் என்றாள், பயிற்சியில் பளுவையும் கூட்டினாள். நான் அளவில்லாமல் வெட்டினேன். போன வாரம் மேல்தட்டிலிருந்து ஒரு துணிக்கட்டை இறக்கும்போது உள்ளே ஏதோ பட்டென்று விட்டது, வாடிக்கையாளர்கள் முன்னால் கத்திவிட்டேன். ஸ்கேனைப் பார்த்த பொண்ணு திட்டவில்லை. "எட்டுன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே கத்தரியைப் பிடுங்கி வச்சிருப்பேனேம்மா" என்றாள். தன்மேல்தான் தப்போ என்று அவள் நொந்துபோனது எனக்கு ஊசியைவிட அதிகமாகக் குத்தியது. திரும்பி வரும்போது அப்பா, "வலியைக்கூட அடக்க விலைக்குக் கீழே தள்ளிவிட்டவ நீ ஒருத்திதான்" என்றார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

இதைவிட உறுத்துவது உன் விஷயம். "வேலை ஒப்பந்தத்தை இன்னும் ரெண்டு வருஷம் நீட்டச் சொல்றாங்க, நீட்டட்டுமா, இல்லே வந்து கடையைப் பாத்துக்கட்டுமா, உனக்கு முடியுதாம்மா" என்று கேட்டாயே, அன்று காலையில் டீ கோப்பையை என்னால் தூக்க முடியவில்லை. "எனக்கென்ன கேடு, நீ கையெழுத்தைப் போடு" என்றேன். அவளுக்குச் சொன்ன அதே இரண்டுதான் உனக்கும். நீ வர வேண்டும் என்ற ஆசை தெரிந்துவிட்டால் நீ எதையெல்லாம் விட்டுவிட்டு வருவாயோ என்று பயம். போட்ட கையெழுத்தை அழி என்று கேட்க மாட்டேன், பேசி முடித்ததை மாற்றும் வழக்கம் நமக்கில்லை. ஆனால் ஓட்டைத் துணியை மடிப்புக்குள் மறைத்து ஒருத்தருக்கும் நான் விற்றதில்லை, உனக்குத்தான் விற்றிருக்கிறேன். அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

மருமகள் கழுத்து பிடித்திருக்கிறது என்றாளே, நாற்காலியை மாற்றச் சொல், ஒன்றுமில்லை என்று அவள் சொன்னால் நம்பாதே, என்னோடு பேசிப் பழகியவள். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை போன் செய்.

அந்தப் பொண்ணோடு பேசி முடித்தது இது: அவள் சரி என்று சொல்லும் வரை கத்தரியும் துணிக்கட்டும் நான் தொடக் கூடாது, வெட்டுவது அப்பா, அவர் கோணலாக வெட்டினாலும் நான் எழுந்து போகக் கூடாது. உன்னோடு இது: நீ எவ்வளவு என்று கேட்க வேண்டும், நான் உள்ளதை முதல் வாயிலேயே சொல்ல வேண்டும், விடுமுறை வந்தால் நீ முழுதாக இங்கே கழிக்க வேண்டும்.

உன் அம்மா

இன்றைக்கு வலி ஆறு.