முழுக்கைச் சட்டை

மார்ச் 3

அன்புள்ள குண்டா,

நலம்தானே? நீ மெலிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் உடம்பைப் பற்றி மேலே விசாரிக்கவில்லை. சுரங்கப்பாதை வேலை ஒருவழியாகப் பழகிவிட்டது. மலைக்குள் சிக்னல் எட்டிப் பார்ப்பதில்லை. சாமான் லாரி வரும்போது தபால் வருகிறது, போகும்போது போகிறது. அதனால்தான் இந்தக் காகிதக் கூத்து.

ஓர் உதவி. நீ துணி வெளுக்கும் சலவை நிலையத்தில்தானே என் காதலியும் இஸ்திரி போடுகிறாள், உன் கண்ணைக் கொஞ்சம் கடன் கொடு. அந்த வேன் டிரைவர் அவளிடம் என்ன பேசுகிறான், அவள் எதற்குச் சிரிக்கிறாள், சாயங்காலம் யாரோடு பஸ் ஏறுகிறாள், எல்லாம் எழுது. போன விடுமுறையில் பார்த்தேன், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு நிற்கிறாள். இனி முழுக்கைச் சட்டை போடு என்றேன். சரி என்றாள். போடுகிறாளா?

சந்தேகமெல்லாம் இல்லைடா. அவள் வேறு யாரையாவது பார்த்துச் சிரித்தால் எனக்கு வயிறு எரிகிறது, அவ்வளவுதான். பாசம் இருக்கிறவனுக்குத்தான் எரியும்.

உன்,
நெட்டையன்


மார்ச் 11

அன்புள்ள நெட்டையா,

வேன் டிரைவருக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். அவர் எல்லோரிடமும் அந்தப் போட்டோவைத்தான் நீட்டுகிறார், எனக்கே பலமுறை காட்டிவிட்டார். அவளைப் பார்த்துப் பல்லிளிக்க மனிதருக்கு முன்பல்லும் இல்லை. நிம்மதியாகத் தூங்கு.

நேற்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அதை ஒத்துக்கொள்கிறேன். சிவப்புத் திரைச்சீலைகளோடு என் வெள்ளைச் சட்டையையும் மெஷினில் போட்டுத் தொலைத்தேன். ரோஜா நிறத்தில் வெளியே வந்தது. வேறு சட்டை இல்லாமல் அதையே மாட்டிக்கொண்டு நின்றேன். "கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்கண்ணா, பொண்ணு எங்க?" என்று கேட்டாள். இஸ்திரி அறையே சிரித்தது.

முழுக்கை விஷயத்தை விட்டுவிடு. அந்த அறையில் நீராவி முகத்தில் அடிக்கிறது. முழுக்கையோடு நின்றால் விரிப்புகளோடு சேர்த்து ஆளையும் மடித்து அடுக்கிவிடலாம். முதலாளியே பனியனோடுதான் வருகிறார். அவளுக்கு இன்னும் இருபது வயதுகூட ஆகவில்லை, சிரிக்கட்டுமே. கேட்க வேண்டியது இருந்தால் அவளிடமே கேள்.

உன்,
குண்டன்


மார்ச் 20

குண்டா,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்னோடு இருக்கும்போது அவள் ஒருநாளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில்லை. உனக்கு மட்டும் எப்படி வருகிறது அந்தச் சிரிப்பு? அண்ணா என்று கூப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? நான் இங்கே பாறையோடு மல்லுக்கட்டுகிறேன், நீ அங்கே ரோஜா நிறத்தில் உலாத்துகிறாய்.

அவள் எழுதுவதும் சுருங்கிவிட்டது. கொஞ்ச நாள் எழுதிக்கொள்ள வேண்டாம் என்கிறாள். இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? வெள்ளிக்கிழமை லாரியில் வருகிறேன். நேரில் கேட்டுக்கொள்கிறேன். உன்னைப் பார்க்க நேரம் இருக்காது.

நெட்டையன்


ஏப்ரல் 2

நெட்டையா,

உனக்கு மகிழ்ச்சியான செய்தி. நீ வந்துபோன மறுநாளிலிருந்து அவள் முழுக்கைச் சட்டைதான் போடுகிறாள்.

சட்டை முதுகோடு ஒட்டிப்போய் நிற்கிறாள், பொத்தானைக் கழற்றுவதில்லை. நேற்று இஸ்திரி மெஷினின் நீராவி அவள் கைமேல் அடித்துவிட்டது. மேற்பார்வை அக்கா ஓடிவந்து, "மடிச்சு விடுடி, வெந்துடப் போவுது" என்று தானே கையை மடித்துவிட்டார். முழங்கைக்கு மேலே உன் கை இருந்தது. நாலு விரலும் கட்டைவிரலும், நீலமாக.

மிச்சத்தை அவளே சொன்னாள். பஸ் நிறுத்தத்தில் வைத்து, இனி இது வேண்டாம் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறாள். நீ கையை முறுக்கிக்கொண்டு, "குண்டன்கிட்ட மட்டும் சிரிப்பு வருதா?" என்று கேட்டிருக்கிறாய். உன்னைச் சிரிக்க வைக்கத்தானடா அந்தச் சட்டைக் கதையை எழுதினேன். எனக்கு அழுகை வருகிறது.

வயிறு எரிவது பாசம் என்று எழுதினாய். பள்ளிக்கூடத்திலிருந்தே உன் உயரத்தைப் பார்த்து எனக்கு வயிறு எரியும். அதற்காக உன் காலை முறுக்கினேனா?

அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். நீ மறுபடி வந்து நின்றால் போலீசுக்குப் போவது என்று தீர்மானித்திருக்கிறாள். கூப்பிட்டால் சாட்சி சொல்ல நானும் போவேன். உனக்குக் கொடுத்த கண்ணை வாங்கிக்கொண்டேன். விடுமுறைக்கு வந்தால் நேரே என் அறைக்கு வா. சாப்பாடு போடுகிறேன், திட்டுகிறேன், இந்தக் கோபத்துக்கு ஆலோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்களாம், அங்கேயும் உன்னோடு வந்து உட்காருகிறேன். சலவை நிலைய வாசலுக்கு மட்டும் வராதே. வந்தால் குறுக்கே நிற்பேன். என் அகலம் உனக்குத் தெரியும்.

குண்டன்


ஏப்ரல் 19

அன்புள்ள குண்டா,

இதற்கு முன் எழுதியதையெல்லாம் கிழித்துவிட்டேன். அவற்றில் நீ துரோகி, அவள் நடிக்கிறாள், நான் சும்மா பிடித்தேன் என்றெல்லாம் இருந்தது.

நேற்று வேலை முடிந்து குளிக்கும்போது, என் கையை நானே அதே இடத்தில் பிடித்துப் பார்த்தேன். நீலம் பாயும் அளவுக்கு அழுத்த முடியவில்லை. அதற்குள் வலித்தது, விட்டுவிட்டேன். அவள் விடு விடு என்று சொன்னது காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அதையும் கேட்டுக்கொண்டே பிடித்திருந்தேன்.

இந்த மாத விடுமுறையை இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டேன். நான் வரவில்லை என்று அவளிடம் சொல்லிவிடு. மன்னிப்புக் கடிதம் எதுவும் வைத்து அனுப்பவில்லை, அதைப் படிக்கும் வேலையையும் அவளுக்குக் கொடுக்க வேண்டாம். அடுத்த விடுமுறையில் உன் அறைக்கு வருகிறேன். நீ சொன்ன இடத்துக்குப் போவோம்.

திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதே. இதை எழுதும்போதும் அவள் அங்கே யார் பேச்சுக்குச் சிரிக்கிறாளோ என்று எரிந்துகொண்டுதான் இருக்கிறது. உன் மேலும் எரிகிறது. அடுத்த கடிதத்தில் சுற்றி வளைத்து ஏதாவது கேட்பேன், எனக்கே தெரிகிறது.

கேட்டாலும் எழுதாதே.

உன்,
நெட்டையன்