சிஞ்ஞோரா கூட்டிக்கொண்டு போன ஊர்கள்

பலாரோ சந்தையில் வெங்காயம் சுடும் பக்கத்தைத் தவிர்த்து நடப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இன்று காலை திடீரென்று மழை. ஒதுங்க இடம் தேடி ஒரு கடையின் படங்குக்குக் கீழே ஓடினேன். தலையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் முன்னால் அதே பெரிய தகரத் தட்டு. தோல் கருகி, உள்ளே தேன் நிறத்தில் குழைந்த வெங்காயங்கள். அந்த மணத்தோடு மழை விடும் வரைக்கும் நிற்க வேண்டியிருந்தது. கண் எரிந்தது புகையால்தான் என்று கடைக்காரன் நினைத்திருப்பான்.

உன்னுடைய பருப்பு ரொட்டி, என்னுடைய சம்பல், நடுவில் இந்த வெங்காயம். ரயிலில் நம்முடைய மத்தியானச் சாப்பாடு அதுதான். பெட்டி முழுக்க மணக்கும். எதிரில் இருப்பவர்கள் முகத்தைச் சுளித்தால் நீ அவர்களுக்கும் ஒரு துண்டு நீட்டுவாய். வாங்காதவர்கள் குறைவு.

நாம் முதலில் சந்தித்தது குவெஸ்தூரா என்கிற இத்தாலியப் பொலிஸ் கந்தோர் வாசலில், வதிவிட அனுமதி புதுப்பிக்கும் வரிசையில். நான் போனில் தமிழ் கதைப்பதைக் கேட்டுவிட்டு என் தோளைத் தட்டினாய். உனக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னாய்: "அம்மா, கோவில், காவடி, ரசம், அக்கா." பிறகு இத்தாலியனில், "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று கைகளை விரித்தாய். உன் பூட்டனாரின் காலத்திலேயே கப்பலேறி மொரீசியசுக்குக் கரும்பு வெட்டப் போன குடும்பம். நான் மன்னாரில் இருந்து வந்தவள். உனக்கு முருகன், எனக்கு மடு மாதா. அந்த ஐந்து சொற்களில் கடைசிச் சொல்லால்தான் அன்றுமுதல் என்னைக் கூப்பிட்டாய். மற்றதெல்லாம் இத்தாலியனில் கதைத்தோம். அதையும் இங்கே என் தமிழில்தான் எழுதுகிறேன். எனக்கு வேறு விதமாய் எழுத வராது.

ஊர் சுற்றும் எண்ணத்தைத் தந்தது என் தம்பி. அவன் டெக்சாஸில், ஹூஸ்டனில் இருக்கிறான். சனிக்கிழமை என்றால் பெண்சாதி பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு பக்கத்தில் ஏதாவது ஒரு சின்ன ஊருக்குப் போவான். உள்ளே சுவரெல்லாம் பூ வரைந்த மரத் தேவாலயம், வீதியோரம் பீச் பழம் விற்கும் கொட்டில், நடுச் சதுக்கத்தில் பழைய நீதிமன்றக் கட்டடம் என்று படங்களாக அனுப்புவான். ஒருநாள் நீ என் அடுப்படியில் இருந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாய்.

"உங்கடை தம்பி இதுகளிலை என்ன செய்யிறார்?"

"ஒண்டும் செய்யிறேல்லை. நடந்து பாத்து, ஏதும் வாங்கிச் சாப்பிட்டிட்டு, பொழுதுபட முதல் திரும்பி வருவான்."

"அக்கா, நாங்கள் இத்தனை வருஷம் இஞ்சை இருந்து மற்றாக்களின்ரை குசினியைத் தவிர என்னத்தைக் கண்டனாங்கள்? அவருக்குக் கார் இருக்கு. எங்களுக்கு ரயில் இருக்கு."

அடுத்த ஞாயிறே தொடங்கிவிட்டோம். நீ பார்த்துக்கொண்ட கிழவி படுத்த படுக்கை. ஞாயிறுகளில் அவவின் மருமகள் வருவதால் பின்னேரம் வரை உனக்கு விடுதலை. நான் சனி பின்னேரப் பூசைக்குப் போய்விட்டு ஞாயிறை உனக்கு வைத்தேன். என் மனுசன் துறைமுகத்தில் ஆறு நாளும் சுமை இறக்குகிறவர். ஞாயிறு அவருக்குப் படுக்க வேண்டும். "ரெண்டு பேரும் போய்த் துலையுங்கோ" என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துவார்.

செஃபலுவில் அந்தப் பழைய சலவைத் துறை நினைவிருக்கிறதா? படியிறங்கிப் போனால் கருங்கல் தொட்டிகள், சுவரில் சிங்க வாய்கள், அவற்றில் இருந்து கொட்டும் ஆற்றுத் தண்ணீர். ஊர்ப் பெண்கள் உடுப்புத் தோய்த்த இடம். நீ பார்த்தாய், இடுப்பில் கை வைத்தாய். "ஒரு நாள் லீவு எடுத்து இவ்வளவு தூரம் வந்தால், இஞ்சையும் கழுவுற இடம்தான்!" நீ சிரித்த சிரிப்பில் கல் கூரை திரும்பிச் சிரித்தது. சப்பாத்தைக் கழற்றி இரண்டு பேரும் காலை விட்டுக்கொண்டு இருந்தோம். எனக்கு ஏனோ பாட்டு வந்தது. மெதுவாய்ப் பாடினேன்.

இன்னொரு ஊரில் கோப்பிக் கடைக்காரி நம்மை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாருடைய வீட்டில் வேலை?" என்று கேட்டாள். கெட்ட மனத்தோடு கேட்கவில்லை. நம்மைப் போன்றவர்கள் வேறு எதற்கு அந்த ஊருக்கு வரப்போகிறார்கள்? நான் வாய் திறக்க முதல் நீ சொன்னாய்: "இண்டைக்கு ஒருத்தற்றையும் இல்லை. இண்டைக்கு நாங்கள் ஊர் பாக்க வந்தனாங்கள்." அவள் மேசையைத் துடைத்து, யன்னலோரம் இருக்கச் சொன்னாள்.

பியானா என்ற மலையூருக்குப் போனதுதான் உன்னை மாற்றியது. பல நூற்றாண்டுக்கு முதல் அல்பேனியாவில் இருந்து தப்பி வந்தவர்களின் ஊர். தெருப் பெயர்கள் இரண்டு மொழியில். தேவாலயத்துக்கு எதிரே வாங்கில் இருந்த கிழவர்கள் இத்தாலியன் இல்லாத ஏதோ ஒன்றில் சண்டை பிடித்தார்கள். நீ ஒரு கடி கடித்த கன்னோலிப் பலகாரத்தைக் கையில் வைத்தபடி, மிச்சத்தைச் சாப்பிடாமல், அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாய். வாய்க்குள் இருந்த தித்திப்புப் போகமுதல் அழத் தொடங்கிவிட்டாய்.

"இவை தங்கடை பாஷையை வைச்சிருக்கினம், அக்கா. நாங்கள் எங்கை விட்டனாங்கள்?"

பிறகுதான் மகளைப் பற்றி முழுவதும் சொன்னாய். மொரீசியசில் உன் தங்கையிடம் விட்டு வந்த பிள்ளை. அங்கே பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்துப் படிக்கிறாள். ஒருநாள் போனில் தமிழில் ஏதோ கேட்டாளாம், உனக்கு விளங்கவில்லையாம். "அவள் என்ன கேட்டவள் எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது."

அன்று திரும்பும் பஸ்சிலேயே பாடம் தொடங்கியது. கடல், மலை, படி, பசி, களைப்பு. நீ எழுத்தைத் தொடவில்லை. காதால்தான் பிடித்தாய். என்னுடைய தமிழ் எப்படியோ அப்படியே உனக்கு வந்தது.

ஆனால் ரயிலில் மகள் அழைத்தால் குரலைத் தாழ்த்துவாய். உங்கள் ஊர்க் கிரியோல் மொழியில் எனக்கு விளங்கியது இரண்டு சொல்தான்: வேலை, சிஞ்ஞோரா. நீ பார்த்துக்கொண்ட கிழவியை நாம் சிஞ்ஞோரா என்றுதான் சொல்வோம், வேலை கொடுக்கும் வீட்டம்மாமார் எல்லாரையும் போல. ஞாயிறும் வேலையில் நிற்பதாக நீ சொல்கிறாய் என்று விளங்கிக்கொண்டேன்.

"ஏன் பொய் சொல்லுறாய்?"

யன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தபடியே சொன்னாய்: "அவள் அங்கை நானில்லாமல் வளருறாள். நான் இஞ்சை சந்தோசமாய் இருக்கிறன் எண்டு என்ன வாயாலை சொல்ல?"

ஒரு வியாழக்கிழமை நீ கிழவிக்குச் சூப் ஊட்டிவிட்டு எழும்பினவள், அப்படியே விழுந்தாயாம். இதயம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் உன் முகத்தில் ஒட்சிசன் மூடி. என்னைக் கண்டதும் அதை விரலால் தூக்கி, தமிழில் கேட்டாய்: "அக்கா, ஞாயிறு?"

"ஓம். ஞாயிறு."

சனிக்கிழமை நீ போய்விட்டாய்.

உன் மகள் வந்தாள். உன்னைவிட உயரம். நெற்றி மட்டும் உன்னுடையது. இதற்குமுதல் ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். கிழவி வீட்டில் உனக்கிருந்தது ஒரு கட்டில் மட்டும். "அவளை எங்கை படுக்க வைக்கிறது, அடுத்த வருஷம் ஒரு அறை எடுப்பம்" என்று வருஷம் வருஷமாய்ச் சொன்னாய். கடைசியில் அவள் அல்பெர்கேரியாப் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில்தான் படுத்தாள். தகனத்துக்கு முறை வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

"வணக்கம். நான் உங்களுக்குத் தொந்தரவு தருகிறேன்" என்றாள் வாசலில். புத்தகத் தமிழ், ஒவ்வொரு எழுத்தும் கழுவித் துடைத்ததுபோல. உனக்காக இந்த மடலைத் தமிழில் எழுதுவதற்கும் அவள்தான் காரணம். நீ வாசித்திருக்க மாட்டாய். அவள் உன் படத்துக்கு முன்னால் இருந்து வாசித்துக்காட்டுவாள்.

இரண்டாம் நாள் அவள் உன் உடுப்புகளை எடுக்கக் கிழவி வீட்டுக்குப் போனாள். வியா மக்வேதாத் தெருவில் ஒரு நல்ல பூங்கொத்தும் வாங்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது பூங்கொத்து கையிலேயே இருந்தது.

"அந்த அம்மையார் படுக்கையில் இருக்கிறார். பல ஆண்டுகளாக எழுந்ததே இல்லை என்று மருமகள் சொன்னார். அப்படியென்றால் என் அம்மாவை ஊர்களுக்கு அழைத்துச் சென்றது யார்?"

"எந்த ஊர்களுக்குப் பிள்ளை?"

"செஃபலு. அங்கே சிங்கத்தின் வாயிலிருந்து தண்ணீர் வரும். சிஞ்ஞோரா காலை நனைத்துக்கொண்டு பாடினாராம். பிறகு அல்பேனியர்களின் ஊர். சிஞ்ஞோரா ஒவ்வொரு ஞாயிறும் எங்காவது போவார், துணைக்கு என்னையும் கூட்டிப் போவார், அதுவும் வேலைதான் என்று அம்மா சொல்வார். அவருக்கு நன்றி சொல்லத்தான் பூ வாங்கினேன்."

தேத்தண்ணிக் கேத்தலைப் பிடித்தபடி நின்றேன். நீ எல்லா ஊரையும் அவளுக்குச் சொல்லியிருக்கிறாய். என்னை மட்டும் சிஞ்ஞோராவாக்கி வைத்திருக்கிறாய். இன்னொரு பணக்கார அம்மா இருந்தா, அவ செத்துப்போனா என்று நான் சொல்லியிருக்கலாம். அந்தப் பிள்ளையின் கண்ணைப் பார்த்துக்கொண்டு அது முடியவில்லை.

"சிஞ்ஞோரா ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. அம்மாவும் நானும்தான் போனனாங்கள்."

"நீங்களா?"

"ஓம்."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "ஓம்," என்று திருப்பிச் சொன்னாள். "அம்மாவும் ஓம் என்றுதான் சொல்வார். எங்கள் ஆசிரியர் ஆம் என்று சொல்லித்தந்தார். உனக்கு யார் தமிழ் கற்றுத்தருகிறார்கள் என்று கேட்டால், சிஞ்ஞோரா என்று சொல்லிச் சிரிப்பார். வேடிக்கை என்று நினைத்தேன்."

பூங்கொத்தை மேசையில் வைத்தாள். பிறகு குரல் மாறியது.

"அப்படியானால் அவருக்கு ஞாயிறு விடுமுறை இருந்தது. அம்மாவுக்கு ஞாயிறும் ஓய்வில்லை என்று நான் அழுதிருக்கிறேன். அவருடைய ஞாயிறுகள் எல்லாம் உங்களுக்குக் கிடைத்தன. எனக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வேலையால் வந்த என் மனுசன் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி நடையில் நின்றார், உள்ளே வரலாமோ என்று தெரியாமல். வதிவிட அனுமதி இழுபட்டது, அறை கிடைக்காதது, கிழவியை விட்டு அசைய முடியாதது, எல்லாம் எனக்குத் தெரியும். எல்லாம் உண்மை. கதவுக்கு அங்கால் இருந்த பிள்ளைக்கு அதில் ஒன்றும் பதிலாகாது.

ஞாயிறு காலை அவள் உடுத்தி ஆயத்தமாய் வந்து நின்றாள்.

"நீங்களும் அம்மாவும் போகாத ஊர் ஏதாவது இருக்கிறதா? அவர் நடந்த இடத்தில் பின்னால் நடக்க எனக்கு விருப்பமில்லை."

சாந்தா ஃபிளாவியா நிலையத்தில் நம் ரயில் எப்போதும் நிற்கும், நாம் ஒருநாளும் இறங்கியதில்லை. அங்கே இறங்கி, கீழே போர்த்திச்செல்லோ என்ற மீன்பிடித் துறைக்கு நடந்தோம். பார்க்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. கட்டிக்கிடந்த வள்ளங்கள், குவித்து வைத்த வலைகள், பூட்டிய கடைகள், நல்ல காற்று. துறைச் சுவரில் இருந்தோம். நான் ரொட்டிப் பொதியை அவிழ்த்தேன். அவள் கை நீட்டவில்லை.

"சிஞ்ஞோராவைப் பற்றி அம்மா சொன்னதெல்லாம் உங்களைப் பற்றித்தானா?" என்றாள்.

"என்ன சொன்னவ?"

கடலைப் பார்த்துக்கொண்டு, பாடம் ஒப்புவிப்பதுபோல் சொன்னாள். சிஞ்ஞோராவுக்கு உயரம் என்றால் பயமாம், ஆனாலும் உன்னோடு மலை ஏறுவாவாம். ஏறும்போது உனக்கு மூச்சு வாங்கினால், களைத்தது தான்தான் என்று சொல்லி இருந்துவிடுவாவாம். யன்னல் பக்கத்தை எப்போதும் உனக்கு விடுவாவாம். கோபம் வந்தால் பேசமாட்டாவாம், தோடம்பழம் உரித்துத் தருவாவாம்.

"நான் ஒருமுறை கேட்டேன்: அம்மா, அங்கே தனியாக நோய் வந்தால் என்ன செய்வாய்? பயப்படாதே, எனக்கு சிஞ்ஞோரா இருக்கிறா என்றார்."

என்னால் முடியவில்லை. அவள் தோளில் முகத்தை வைத்து அழுதேன், நான் பெற்ற பிள்ளை போல. உன் சாவன்றுகூட அப்படி அழவில்லை. உனக்கு மூச்சு வாங்கியதை நான் கண்டதை நீ கண்டிருக்கிறாய். ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை. எல்லாவற்றையும் கடலுக்கு அப்பால், எனக்குத் தெரியாத மொழியில், ஒரு பிள்ளைக்குச் சொல்லி வைத்திருக்கிறாய். அவள் அசையாமல் இருந்தாள். என்னை மன்னித்தாள் என்று சொல்லமாட்டேன். கொஞ்சநேரத்தில் பொதியில் இருந்து ஒரு ரொட்டியை எடுத்து, பாதியாய்க் கிழித்து, ஒரு பாதியை என் கையில் வைத்தாள்.

உன் சாம்பலைச் சின்னப் பெட்டியில் மடியில் வைத்துக்கொண்டு அவள் போனாள். அதற்குப் பிறகு எனக்கு ரயில் நிலையத்துப் பக்கமே கால் போகவில்லை. ஞாயிறுகளில் மனுசனோடு சேர்ந்து நானும் படுத்துக் கிடந்தேன்.

ஒரு ஞாயிறு பின்னேரம் போன் அடித்தது. மொரீசியசு இலக்கம்.

"சிஞ்ஞோரா," என்றாள். அவள் குரலில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. "இன்று எந்த ஊருக்குப் போனீர்கள்?"

எங்கும் போகவில்லை என்றேன். "சரி. அடுத்த ஞாயிறு அழைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அழைக்கிறாள். நான் போகிறேன். தனிய ரயிலேறி, ஏதாவதொரு சின்ன ஊரில் இறங்கி, நடந்து, ஒரு கோப்பி குடித்து, சுவரையும் பூனையையும் தெருப் பெயரையும் நன்றாய்ப் பார்த்து வைத்துக்கொண்டு, பொழுதுபட முதல் வந்துவிடுகிறேன். பல ஊர்களில் ஒன்றுமே கண்ணில் நிற்பதில்லை, அழுகைதான். ஆனாலும் போகிறேன். போகாத ஊரைப் போனதாகச் சொல்ல எனக்கு வராது. அவளுக்குப் பொய் சொல்ல உனக்குத்தான் வரும்.