சாறு குடித்த தைலம்மாள்

கச்சிராயபாளையம்,
5.12.2024

கெட்டிக்கார மருமகள் சுபஸ்ரீக்கு,

போனில் பேசினால் பாதியில் வெட்டிவிடுகிறாய். கடிதத்தை வெட்ட முடியாதல்லவா!

உன் ஆய்வகத்தில் கண்ட அதிசயம் கண்ணிலேயே நிற்கிறது. கிளாஸில் ஊதாத் தண்ணீர். கல்வராயன் மலையிலிருந்து நான் கொண்டுவந்த நெல்லிக்காயின் சாற்றை நாலு சொட்டு விட்டாய். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊதா போய் மஞ்சள்! உடம்பை அரிக்கும் முரட்டு அணுக்களைக் காய் இப்படித்தான் அடக்குகிறது என்றாய். எனக்குப் புல்லரித்துவிட்டது. டவுன் பஸ்ஸில் அத்தனை பேரிடமும் சொன்னேன்: "எம் மருமவ கேன்சரையே கிளாஸ்ல போட்டு அழிச்சிட்டா! காய் குடுத்தது யாரு? நானு!" கண்டக்டர் விசில் ஊதவே மறந்துவிட்டார். கோமுகி அணைத் தண்ணீரே ஒரு நிமிஷம் நின்று கேட்டது.

இன்னொரு சங்கதி. உன் அத்தைக்கு மார்பில் சின்னக் கட்டி. கவலைப்படாதே. ஆஸ்பத்திரி வேண்டாமென்று தினம் ஒரு சொம்பு நெல்லிச்சாறு கொடுக்கிறேன். ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது.

உன் மாமா,
சின்னதுரை

சென்னை,
10.12.2024

அன்புள்ள மாமா,

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். கிளாஸில் நிறம் மாறியது வெறும் சாயம். அதில் கேன்சரே இல்லை. காய் பழம் நிறையச் சாப்பிட்டால் சில புற்றுநோய்கள் வருவது குறையலாம். எந்தச் சத்தினால் என்று எங்களுக்கே முழுசாகத் தெரியாது. வந்த கட்டியைச் சாறு கரைக்காது மாமா. அத்தையை உடனே அழைத்துப் போங்கள். இல்லையென்றால் உங்களோடு இனிமேல் பேச மாட்டேன்.

சுபஸ்ரீ

கள்ளக்குறிச்சி,
3.1.2025

செல்ல மருமகளுக்கு,

போனில் சொல்ல வாய் வரவில்லை.

உன் கடிதம் வந்ததும் அத்தையிடம் எப்படிச் சொல்வதென்று கொல்லையிலேயே சுற்றினேன். கடைசியில், "தைலா, ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்றேன். உள்ளே போய் ஒரு பையோடு வந்தாள். புடவை, டம்ளர், சீப்பு, எல்லாம் இருந்தது.

"எப்ப எடுத்து வெச்ச?"

"சாறு குடிக்க ஆரம்பிச்ச அன்னிக்கே. நாலு பேரு எதுர்ல உங்க பேச்சு பொய்யாப் பூடுமேன்னு குடிச்சிக்கினு இருந்தேன். எப்பதான் கூப்புடுவீங்களோன்னு இருந்துச்சி."

பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

ஆஸ்பத்திரி வரிசையில் நம்மூர்க் கண்ணாயிரம் நின்றான். "இன்னா மாமா, சாறு வேலை செய்யலியா?" என்று சிரித்தான். "செய்யாதுடா. நான் சொன்னது தப்பு" என்றேன், வரிசை முழுக்கக் கேட்கும்படி. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊரார் முன்னால் அவள் அப்படிப் பிடித்து நான் பார்த்ததே இல்லை.

கேன்சர்தானாம். ஆரம்பம் என்கிறார்கள். வியாழக்கிழமை ஆபரேஷன். நீ வருவாயா என்று அத்தை கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நானும்தான்.

மாமா