மன்னித்த பிறகு ஏன் அழுகிறாள்?

என் ஜெசிந்தாவுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. மொன்றியலில் மறுபடி பனி. தலையை மூடுவதில்லை என்று நீ ஏசி ஏசி வாங்கித் தந்த தொப்பியைத்தான் இன்னும் போடுகிறேன்.

நாம் பார்த்த அந்தப் பழைய மௌனப் படத்தைப் போன ஞாயிறு திரும்பவும் காட்டினார்கள். தனியாகப் போனேன். பண்ணைக்காரன் மகள் கூலிக்காரனை விரும்ப, ஊர் கூடி அவளை விலக்கி வைக்குமே, அந்தப் படம். உன் பிரெஞ்சு பொன்ஜூர், மெர்சியைத் தாண்டாது. திரையில் வசனத்துக்குப் பதிலாகப் பிரெஞ்சு எழுத்து வரும்போதெல்லாம் என் விலாவில் இடித்து "என்னவாம்?" என்பாய். நான் காதுக்குள் தமிழில் சொல்வேன்.

ஊர்ப் பெரியவர் எழுந்து தீர்ப்புச் சொன்னார். 'இவள் இனி எங்களுக்குச் செத்தவள்' என்று எழுத்து வந்தது. அதை உனக்கு எப்படிச் சொல்வேன்? மன்னாரில் மாதா கோயிலில்கூட எங்கள் சாதிக்குக் கடைசி வாங்கில்தான் இடம். அப்படிப்பட்டவனைக் கட்டினாய் என்று உன் வீட்டார் சொன்னதும் அதே சொல்தானே!

"ஊர் மன்னிச்சுப்போட்டுதாம்" என்றேன்.

"மன்னிச்சாப் பிறகு ஏனப்பா அழுறாள்?"

"சந்தோசத்திலை."

"நல்லாப் பொய் சொல்லுறியள்" என்று சிரித்தாய். ஆனால் படம் முடியும்வரை என் கையை விடவில்லை. உனக்குத் தெரிந்திருந்தது, இல்லையா?

இந்த முறை அந்த எழுத்து வந்தபோது என்னை இடிக்க ஆளில்லை. திரைக்குப் பக்கத்தில் இருந்து படத்துக்கு இசை போடும் பியானோக்காரர் தன்பாட்டில் வாசித்துக்கொண்டிருந்தார். நான் அழுதேன்.

இப்போது ஒரு செய்தி. உன் பெரியண்ணை டொரொண்டோவிலிருந்து போன் எடுத்தார். நாம் ஓடிவந்த பிறகு இதுதான் முதல் தடவை. உன் ஆண்டு நினைவுக்கு அங்கத்தைய தமிழ்ப் பேப்பரில் அறிவித்தல் போடப்போகிறாராம்.

"ஊர் எல்லாத்தையும் மறந்திட்டுது தம்பி. ஆரின்ரை மகள், ஆரின்ரை சகோதரி எண்டு போடுறம். உம்மடை பேர் மட்டும் வேண்டாம். நீர் ஓம் எண்டு சொல்லாமல் பேப்பர்க்காரர் போடமாட்டினமாம். இஞ்சையும் எங்கடை சனம்தானே. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடேலாது."

மச்சான் என்ற சொல் அவர் வாயில் வரவேயில்லை. செத்த பிறகுதான் நீ அவர்களுக்கு உயிரோடு வந்திருக்கிறாய், அதுவும் புருசன் இல்லாதவளாக.

உன் பெயர் அவர்கள் பெயர்களோடு ஒருநாள் சேர்ந்து வரவேண்டும் என்று நீ எவ்வளவு ஏங்கினாய்! அதை நினைத்து ஓம் என்று சொல்லிவிடவும் பார்த்தேன். முடியவில்லை.

"அண்ணை, அவவுக்கு நான் ஒருக்கால் பொய் வாசிச்சுக் காட்டினனான். இன்னொருக்கால் ஏலாது" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். இனி அறிவித்தல் வராது. உனக்கு என்மேல் கோபமா?

அந்தப் பேப்பருக்கே இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன். உன் கல்லறைக்குப் பக்கத்து இடம் எனக்குத்தான். நான் அங்கே வந்ததும் விலாவில் இடித்து "என்னவாம்?" என்று கேள். எழுத்தில் உள்ளபடியே வாசித்துக் காட்டுவேன்.

ஜெசிந்தாவின் அன்புக் கணவன்,
அந்தோனி